அந்தப் பத்தொன்பது நாட்கள்

வயிற்றுவலி என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருந்தோம். மார்பில் கட்டி என்று ஆழ்வார்குறிச்சியில் நாலு பேர் காதில் விழச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதன் பலனாக, ஓமத்திரவம், சுக்குத்தண்ணீர், பிரண்டைத் துவையல் என்று தெருக்காரர்கள் அக்கறையாகக் கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுத் தீர்த்தேன். அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைப் போல இன்னொருத்தி எங்கேயோ உட்கார்ந்து ஓமத்திரவம் குடித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி பருப்பு இருப்பைப் பார்ப்பது, சமைக்கிற அம்மாவிடம் அளந்து கொடுப்பது, பிள்ளைகளின் தலையை எண்ணி எழுதுவது என் வேலை. வீட்டுக்காரர் சுடலைமுத்து, பஸ் நிறுத்தம் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் முத்துலட்சுமி, அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு நாற்பத்தொரு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளிக்கும்போது, சோப்புப் போட்ட கை இடது மார்பின் ஓரத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. புளியங்கொட்டை அளவில் ஏதோ இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலித்திருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். வலிக்காததால் தைரியமாக ஒரு மாதம் சும்மா இருந்தேன். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த கிராம நர்ஸை அரிசி வைக்கும் அறைக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னப் பெண். அழுத்திப் பார்த்தவள் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது.

"யக்கா, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. இங்கன அங்கன காட்டிட்டுத் திரியாதிய."

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் இவரிடம் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவே இல்லை. ஓட்டையிலிருந்து தண்ணீர்க் குமிழ் வந்துகொண்டே இருந்தது.

"ஏளா, இதைச் சொல்லுததுக்கு ஒனக்கு ஒரு மாசமா?" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கடையைப் பூட்டினார். அன்று கடையில் இருந்த ஆறு சைக்கிளையும் வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை, நாளை மறுநாள் வாங்க என்று திருப்பி அனுப்பினார்.

திருநெல்வேலியில் எங்களுக்கு இறங்க இடம் இருந்தது. என் அண்ணன் ஆறுமுகம் தச்சநல்லூரில் குடியிருக்கிறான். லாரி பார்சல் ஆபீஸில் கிளார்க். வாடகை வீடு, மூன்று பிள்ளைகள். அண்ணன் மனைவி கனி மதினி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அடுப்பில் உலை வைத்தாள். அன்றிலிருந்து எல்லாம் முடிகிறவரை அந்த வீட்டில்தான் வந்து இறங்கினோம். ஒருநாள்கூட மதினி முகம் மாறி நான் பார்த்ததில்லை.

பெரியாஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு வாங்க விடிந்ததும் போய் வரிசையில் நிற்க வேண்டும். அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் குழுகுழுவாக இருப்பார்கள். அதை யூனிட் என்கிறார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் இந்த நாள் புறநோயாளி, இந்த நாள் ஆபரேஷன் என்று இருக்கிறது. நாம் எந்தக் கிழமையில் போகிறோமோ அந்த யூனிட்டுக்கு உரியவர்களாகிவிடுகிறோம். அதன் பிறகு அவர்கள் கிழமைதான் நம் கிழமை. எனக்கு வாய்த்த யூனிட்டின் பெரிய டாக்டர் ஐம்பது வயது இருக்கும். மெதுவான பேச்சு. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் அவரால் செலவிட முடியாது, அவ்வளவு கூட்டம்.

முதலில் ஊசி டெஸ்ட். கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் அணுக்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அதற்குப் பயந்து முந்தின நாள் சாப்பிடாமல் கிடந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆறு நாள் கழித்து ரிசல்ட் வந்தது.

"நல்லதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியல, கெட்டதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. சந்தேகம்னு எழுதியிருக்காங்க. கட்டியை முழுசா எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். எனக்கு ரத்தம் வேறு குறைவாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் முட்டை எண்ணிப் போடுகிறவளுக்கு ரத்தசோகை. நர்ஸம்மா சிரித்துவிட்டாள்.

இரும்புச்சத்து மாத்திரையும் சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் படுக்கை கிடைக்கிற தேதி எழுதியிருந்தது. அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள்.

வராந்தாவில் நான் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் சீட்டை எட்டிப் பார்த்து, "இதே டாக்டருதான் சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் நர்சிங் ஹோம்ல பாக்காவ. அங்கன போனா நாளான்னைக்கே ஆபரேஷன் முடிஞ்சிரும்" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

அண்ணன் ஒரே பிடியாக நின்றான். "மாப்ள, எந் தங்கச்சி நெஞ்சுல என்னத்தையோ வச்சுக்கிட்டு பத்தொன்பது நாள் உக்காந்திருக்கணுமா? நான் இருக்கும்போது அது நடக்காது. நாளைக்கே நர்சிங் ஹோம். துட்டை நான் பாத்துக்கிடுதேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார். "மச்சான், அதே டாக்டரு, அதே கை. இங்கன சும்மா கெடைக்கதை அங்கன போயி எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?"

"ஒமக்கு ஒம்ம துட்டு பெரிசாப் போச்சு, என்ன வே?"

"எனக்குத் துட்டு இருந்தாலா பெரிசாத் தெரியும்?"

இவர் சொன்னது பொய்யில்லை. எங்களிடம் இருந்தது முத்துலட்சுமியின் ஆசிரியர் பயிற்சிக்காகத் தபாலாபீஸில் போட்டுவந்த பணம் மட்டும். நர்சிங் ஹோமுக்குப் போனால் அது மொத்தமும் கரைந்து, மேற்கொண்டும் தேட வேண்டியிருக்கும். இரண்டு நாள் இதே பேச்சு. காலையில் ஒரு சுற்று, அண்ணன் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு சுற்று.

மதினி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஏ பேச்சி, ரெண்டு ஆம்பிளையளும் ஒன் ஒடம்பைப் பத்தித்தான பேசுதாவ? ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாவளா?"

"கேட்டா நான் என்னத்த மதினி சொல்ல? எனக்கே ஒண்ணும் ஓடல."

உண்மையாகவே ஓடவில்லை. பயம் வந்தால் மூளை வேலை செய்யாது என்பதை நான் அந்த நாட்களில்தான் கண்டேன். அண்ணன் பேசினால் அவன் சொல்வது சரி என்று தோன்றும். இவர் பேசினால் இவர் சொல்வது சரி. நான் சாக விரும்பவில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பேச்சு முற்றிக்கொண்டு போகவே, வெள்ளிக்கிழமை காலையில் தெருமுக்கு அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்றான் அண்ணன். இவரும் சரி என்றார். வெளியூர்க்காரர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். காரியத்தை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். தீபாராதனை காட்டியதும் பூசாரி இரண்டையும் உருட்டிவிடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் நினைத்த காரியத்தைச் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நினைத்தது என்ன என்பதை முன்கூட்டி வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் உத்தரவு பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

பூசாரி, "நெனச்சாச்சா?" என்று கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். அண்ணனின் கடைக்குட்டி வள்ளி ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் பிச்சிப்பூ. வெள்ளை. இருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிச்சி. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இவர் தட்டில் காசு போட்டார். எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, எந்தப் பக்கம் இறங்கியது என்று தெரியாவிட்டாலும்.

தெருவில் பத்து எட்டு நடந்திருப்போம். அண்ணன் சொன்னான்: "சரி மாப்ள, ஒம்ம இஷ்டப்படியே பெரியாஸ்பத்திரியிலயே இருப்போம். அம்மனே சொல்லிட்டா."

இவர் நின்றுவிட்டார். "என்ன மச்சான் சொல்லுதிய? நர்சிங் ஹோமுக்குப் போலாமான்னுலா நான் நெனச்சேன். அதுக்குலா வெள்ளை வந்துருக்கு."

நடுத்தெருவில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு மூத்தவன், அழைத்து வந்தவன் என்ற முறையில் பூசாரி தன்னைத்தான் கேட்டார் என்று அண்ணன் நினைத்திருக்கிறான். பெண்டாட்டி என்னுடையவள், நான் நினைப்பதுதான் கணக்கு என்று இவர் நினைத்திருக்கிறார். ஒரே பூவுக்கு இரண்டு பேர் இரண்டு காரியத்தை நினைத்தால் அம்மன்தான் என்ன செய்வாள்? எனக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நாளாக வேண்டாம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற மனுஷன், கோயிலில் போய் நின்றதும் நர்சிங் ஹோமைத்தான் நினைத்திருக்கிறார். போவோம் போவோம் என்று குதித்த அண்ணன் பெரியாஸ்பத்திரியை நினைத்திருக்கிறான்.

இவர் மெதுவாகச் சொன்னார். "நேத்தே எஸ்.டி.டி. பூத்துல இருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பேசிட்டேன். சைக்கிளை எல்லாம் மொத்தமா எடுத்துக்கிடுதேன்னு ஒருத்தர் சொல்லிருக்காரு. அம்மன் உத்தரவு கொடுத்தா வித்துருவோம்னு நெனச்சேன்."

அண்ணனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "பார்சல் ஆபீஸ்ல கேட்டேன் மாப்ள. முன்பணம் கெடையாதுன்னுட்டாவ. கனி கழுத்துல கெடந்ததும் போன வருசமே போயிட்டு. ஒம்மகிட்ட எப்படிச் சொல்லன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் முடிக்க முடியாமல் வள்ளியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையில் ஒன்றும் இல்லாதவன் தங்கச்சிக்காகச் சத்தமாவது போட வேண்டாமா? பாவம், அவனால் கொடுக்க முடிந்தது அந்தச் சத்தம்தான். எனக்குக் கோபம் வந்தது என் மேல்தான். என் உடம்பை இரண்டு பேர் மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு யாராவது சொல்லட்டும் என்று கைகட்டி நின்றிருக்கிறேன்.

"இன்னொரு தடவ போட்டுப் பாப்போமா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம். அம்மன்கிட்ட கேட்டது போதும். டாக்டர்கிட்ட நான் கேக்கேன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மதினியைக் கூட்டிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனேன். பீஸ் கட்டி டோக்கன் வாங்கினோம். உட்கார மெத்தை நாற்காலி, தலைக்கு மேல் சத்தமில்லாத மின்விசிறி, சுவரில் குழந்தை படம். அதே டாக்டர் இங்கே வேறு சட்டையில் இருந்தார். அங்கே நின்றுகொண்டு பார்த்தவர் இங்கே உட்கார்ந்து பார்த்தார். என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "தேதி கொடுத்திருக்கோமே?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன். "ஐயா, பத்தொன்பது நாள் காத்திருந்தா எனக்கு ஏதாவது ஆயிருமா? ஆகும்னா துட்டு கட்டி இங்கனயே பண்ணிக்கிடுதேன். ஆகாதுன்னா காத்திருக்கேன். நீங்களே ரெண்டு எடத்துலயும் இருக்கிய. ஒங்ககிட்டதான் கேக்க முடியும்."

மதினி என் கையைக் கிள்ளினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"கெட்டதாவே இருந்தாலும், கையில தட்டுப்படுற அளவுக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். பத்தொன்பது நாள்ல தலைகீழா மாறிடாது. ரெண்டு மாசம்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லுவேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. காத்திருக்கிறதே சிலருக்குத் தாங்காது. சோறு இறங்காது, தூக்கம் வராது. அப்படின்னா இங்க பண்ணிக்கங்க, தப்பில்ல. கெட்டதா இருந்தா பிறகு மருந்து இருக்கு, திருவனந்தபுரம் போய் கரண்டு வைக்கணும். அங்க தங்கி இருக்கணும். செலவு அப்பத்தான் இருக்கு. அதையும் மனசுல வச்சுக்கங்க" என்றார்.

கரண்டு வைப்பது என்றால் கட்டி இருந்த இடத்தில் கதிர் பாய்ச்சுவது. கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வாரம் ஐந்து நாள் என்று பல வாரம் போக வேண்டும். அதை எல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் அவருக்கு இதற்கு நேரம் இருந்திருக்காது. நாங்கள் கட்டின பீஸ் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். அதை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வந்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "காத்திருக்கேன். இருக்க துட்டை இப்பவே அழிச்சிட்டா, கெட்டதுன்னு வந்தா எதை வச்சுத் திருவனந்தபுரம் போவ? சைக்கிளை விக்க வேண்டாம்."

"நல்லா யோசிச்சியாளா?" என்று கேட்டார் இவர்.

"யோசிச்சிட்டேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

முடிவு எடுத்தால் நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. ஊருக்கு வந்து வேலைக்குப் போனேன். ஒரு நாளைக்கு இருபது தடவை கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும், மத்தியானம் சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். தலைவலித்தால் அது தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். பதினோராம் நாள் அரிசி அறையில் மூட்டை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்படியே பஸ் ஏறி நர்சிங் ஹோமுக்குப் போய், நாளைக்கே அறுத்துவிடுங்கள் என்று டாக்டர் காலில் விழலாம் போல இருந்தது. சமைக்கிற அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வயித்துவலி ரொம்ப வருதோ?" என்றாள். ஆமாம் என்றேன்.

இவர் அந்த நாட்களில் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். எனக்காக அரிசி மூட்டையை இறக்கிக் கொடுப்பார். கறிக்கடையில் சொல்லிவைத்து ஈரல் வாங்கி வருவார். அதை நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பார். ரத்தம் ஏற வேண்டுமாம். முருங்கைக்கீரையை உருவித் தருவார், அதில் பாதி காம்பாக இருக்கும். மகளிடமும் வயிற்றுவலி என்றே சொல்லியிருந்தோம். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டில் இங்கிலீஷில் இருந்ததைப் படித்துவிட்டாள் போல. ஒன்றும் கேட்கவில்லை. தன் பாயைக் கொண்டுவந்து என் பாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் படுக்கை கிடைத்தது. காலையில் ரொட்டியும் பாலும், பத்து மணிக்கு டாக்டர்கள் வரிசை, வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டம். மூன்றாம் நாள் ஆபரேஷன். மயக்க ஊசி போட்டதும் எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன். கண் விழித்தபோது இவர் பக்கத்தில் இல்லை. எடுத்த கட்டியை மருந்துத் தண்ணீரில் போட்டு, ஒரு பாட்டிலில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைப்பது கூட வந்தவர் வேலை. இவர் கொண்டுபோய்க் கொடுத்து, நோட்டில் என் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்து, பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லி உறுதிசெய்துகொண்டுதான் திரும்பினாராம்.

எட்டு நாள் கழித்து ரிசல்ட். கெட்டதுதான். ஆனால் ஆரம்பம், பரவவில்லை, மார்பை எடுத்துவிட்டு மேற்கொண்டு சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நான் ஆரம்பம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். இவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அந்தப் பத்தொன்பது நாளைக்கு முன்னாலயே எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தாலும் இதே ரிசல்ட்தான். இதே வைத்தியம்தான்" என்றார் டாக்டர்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்பை எடுத்தார்கள். முதல் தடவை கட்டு பிரித்தபோது நான் பார்க்கவில்லை, மதினி பார்த்தாள். பார்த்துவிட்டு, "சுத்தமா ஆறியிருக்கு பேச்சி" என்றாள். இடது கையைத் தூக்க முடியவில்லை. சுவரில் விரலை ஊன்றிப் பைய மேலே ஏற்றிப் பழக வேண்டும். தபாலாபீஸ் பணம் திருவனந்தபுரத்தில் போனது. போதவும் செய்தது. முத்துலட்சுமி ஒரு வருஷம் தாமதமாகத்தான் பயிற்சியில் சேர்ந்தாள். இப்போது பாவூர்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அண்ணன் அந்தப் பூவைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. நாங்களும் எடுப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். ஒவ்வொரு தடவையும் டாக்டர் நன்றாக இருக்கிறது என்பார். நான் எழுந்துவிடுவேன். இவர் எழ மாட்டார். "ஐயா, அந்தப் பத்தொன்பது நாள்..." என்று தொடங்குவார். டாக்டரும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுவார். எனக்கு எரிச்சலாக வரும். கெட்ட அணு என் உடம்பிலா இருந்தது, இவர் உடம்பிலா என்று சில சமயம் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

போன மாதம் போனபோது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் அப்போதும் கேட்டார். டாக்டர் இவர் தோளில் தட்டி, "அண்ணாச்சி, அதை விடுங்க" என்றார்.

பஸ்ஸில் எங்களுக்கு முன்பக்கத்து இரட்டை இருக்கை கிடைத்தது. சேரன்மாதேவி தாண்டினதும் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "டாக்டர்ட்ட போயிக் கேட்டது நான். காத்திருக்கேன்னு சொன்னது நான். முடிவு பண்ணுனது நான். ஒங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

இவர் வயல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கையில துட்டு இருந்திருந்தா நீ அவருகிட்டப் போயி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டலா?" என்றார்.

அது உண்மை. நான் கேட்டிருக்க மாட்டேன். மறுநாளே போய்ப் படுத்திருப்பேன். நாலு வருஷமாக இவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் நோயைப் பற்றி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாள் எரிந்து விழுந்தேனே என்று மனசு கிடந்து தவித்தது.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் வெளியில் வைத்து நான் அப்படிச் செய்ததில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். இவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.